மிஸ் அடிக்கிற பழைய பிக்கப்: பம்ப்பில் கை வைப்பதற்கு முன்னால்

ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி, பாலாடா பக்கம் கேரட் லோடு அடிக்கிற பழைய பிக்கப்புகளில் வேலை பழகும் பையன்களைப் பார்க்கிறேன். எங்கள் செட் ஆட்கள் தொழில் கற்ற காலத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள், செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டு செய்கிறார்கள் என்பது மட்டும்தான் புதுசு. டீசல் இருக்கிறதா பார், ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடு என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் பானட்டையே திறக்க வேண்டாம். இன்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் ஒரு அடி தவறுகிறது என்றால் எங்கே தேடுவது என்பதுதான் விஷயம். இது டாடா 207 டிஐ மாதிரி மெக்கானிக்கல் பம்ப் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்கு அழுத்தம் கொடுத்து டீசல் தள்ளுகிற பம்ப்) உள்ள டீசல் வண்டிகளுக்கு. காமன் ரெயில் வண்டிக்கு (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகிற வண்டி) கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

புகையைப் பார்த்ததும் தீர்ப்பு சொல்வது

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத இன்ஜினில் பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை எரிக்கக் காற்று போதாது, மிச்சம் கரும்புகையாகப் போகும். ஏத்தத்தில் கொஞ்சம் கரும்புகை வருகிறது, ஆனால் இன்ஜின் ஒரே சீராக ஓடுகிறது என்றால் அதை நாசில் கோளாறு என்று சொல்லாதீர்கள். முதலில் ஓட்டுநரிடம் கேளுங்கள், கீழே யாராவது 'இழுவை பத்தல' என்று பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டுகிற ஸ்குரூவைத் திருகினார்களா என்று. பாதி வண்டியில் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அதேபோல டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் வெள்ளைப் புகையும் தடதடப்பும் கொஞ்ச நேரம் இருக்கத்தான் செய்யும். இன்ஜின் சூடாகட்டும், அப்புறம் காது கொடுங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) பக்கம் போகலாம்.

இறக்கத்தில் ஓட்டிப் பார்ப்பது

கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் டீசலையே நிறுத்திவிடும். எரியாத இன்ஜின் எப்படி மிஸ் அடிக்கும்? ஏத்தத்தில் ஓட்டுங்கள், லோடோடு.

எதையும் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். குன்னூர் ஏத்தத்தில் வண்டி திணறும், விட்டு விட்டு இழுக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும். உடனே 'பம்ப் வீக்' என்று ஒரு முடிவு. கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கேத்திக்காரர் ஒருவருடைய வண்டியில் இதுதான் நடந்தது. எலிமென்ட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அழுத்துகிற பிளஞ்சர்), டெலிவரி வால்வு எல்லாம் மாற்றி பம்ப் திரும்பி வந்தது, கூடவே ஒரு பெரிய பில். மாட்டி நாலைந்து நாள் நன்றாக ஓடியது, எல்லாருக்கும் திருப்தி. அப்புறம் குன்னூர் ஏத்தத்தில் பர்லியார் தாண்டியதும் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்து நாசில் மாற்றினார்கள். அதிலும் அடங்காமல், இன்ஜினையே இறக்க வேண்டும் என்று பேச்சு வந்த பிறகுதான் வண்டி என்னிடம் வந்தது. அதற்குள் அந்த மனிதர் அந்த சீசன் வாடகையில் முக்கால்வாசியைக் கொட்டியாகிவிட்டது.

கோளாறு டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு (பெரிய பம்ப்புக்கு டீசல் கொண்டுவந்து கொடுக்கிற சின்ன பம்ப்) வருகிற ரப்பர் ஹோஸில். சேஸிஸ் ஓரம் இரும்புக் குழாயோடு சேருகிற இடத்தில், கிளிப்புக்குப் பதிலாக யாரோ கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. விரலால் ஹோஸை லேசாக மடக்கினால் முறுக்குக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய வெடிப்பு திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஈரம் சொட்டுக்கூட இல்லை, மேலே படிந்த மண் காய்ந்து அப்படியே இருந்தது.

ஈரம் இல்லாததுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. ஃபீட் பம்ப் டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது, அதனால் அதற்கு முன்னால் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதற்குப் பின்னால் ஓட்டை என்றால் அழுத்தத்தில் டீசல் கசிந்து கண்ணில் படும். (ரோட்டரி பம்ப் வண்டிகள் பலவற்றில் ஃபில்டரும் உறிஞ்சுகிற பக்கம்தான், அங்கே ஃபில்டர் சீலையும் சந்தேகப்படுங்கள்.) டீசல் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். குமிழி எந்த எலிமென்ட்டுக்குள் போகிறதோ அந்த முறை நாசில் திறக்காது, ஒரு அடி தவறும். ஏத்தத்தில் டீசல் அதிகம் வேண்டும், உறிஞ்சுவது கூடும், காற்றும் கூடவே வரும். ராத்திரி முகப்பு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தினாலோ லைனில் உள்ள டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கிவிடும், காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் சாகும். சரி, அந்த நாலைந்து நாள் எப்படி ஓடியது? பம்ப்பைக் கழற்றி மாட்டியதில் ஹோஸ் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து வெடிப்பு மூடியிருக்கும், வேறொன்றுமில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, சூடான சைலன்சர் குழாய்க்கு எட்டாமல், பம்ப்பைவிட உயரத்தில் கட்டுங்கள். அதிலிருந்து புது ஹோஸை நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்து, பிளீட் செய்து (லைனில் உள்ள காற்றை வெளியேற்றி), ஸ்டார்ட் பண்ணி ரேஸ் கொடுத்துப் பாருங்கள். சீராக ஓடினால் பம்ப் மேல் குற்றம் இல்லை, டேங்க் பக்கம் போங்கள். கேன் கட்ட முடியாத இடத்தில் ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் போட்டால் குமிழி ஓடுவது தெரியும்.

பணம் போவது ஒரு பக்கம். நன்றாக இருந்த பம்ப்பைக் கழற்றி, சீலை உடைத்து, ஸ்குரூவைத் திருகி, மாட்டும்போது டைமிங் மார்க்கையும் (டீசல் பாய வேண்டிய நேரத்துக்கான அடையாளக் கோடு) ஒரு கோடு தள்ளிவிட்டால், அப்புறம் எது வண்டியோடு வந்த கோளாறு, எது நாம் சேர்த்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மார்க் போட்டுவிட்டாவது கழற்றுங்கள்.

நாலு நாசிலையும் ஒன்றாக மாற்றுவது

எந்த சிலிண்டர் என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஐட்லிங்கில் ஹை பிரஷர் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தினால், வேலை செய்கிற சிலிண்டரில் சத்தம் மாறும், இன்ஜின் தடுமாறும். எதைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ அதுதான் ஆள். அதன் நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் நாசில், அங்கேயே நின்றால் டேப்பட் கேப் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும். நட்டிலிருந்து பீய்ச்சுகிற டீசலுக்கு நேரே கையைக் காட்டாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டேங்க் மூடி

தளர்த்திவிட்டு ஏத்தத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா? மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி இப்படித்தான் திணறும்.

மவுண்டிங் ரப்பர்

இன்ஜினைத் தாங்குகிற இந்த ரப்பர் கிழிந்திருந்தால் நல்ல இன்ஜினும் ஆடும்.

காமன் ரெயிலில் பைப் நட்டைத் தளர்த்துவது

கூடவே கூடாது. வெளியே பார்க்க அதே பிக்கப்தான், ஆனால் ரெயிலில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், விரலே போய்விடும். மேலே சொன்ன நட்டு சோதனை இந்த வண்டிக்கு இல்லை. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் விடுங்கள்.