ஸ்டெம் செல் வரும் என்று கோரைப்பல் காத்திருக்காது

என் தங்கை மகளுக்குப் பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. கைக்குழந்தையாக இருக்கும்போதே உதட்டைச் சேர்த்தாயிற்று, ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தையும் தைத்தாயிற்று. அவளுக்கு எட்டு வயது முடிந்தபோது, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து மேல் ஈற்றில் வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். பாளையங்கோட்டை வீட்டில் அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "மச்சான், இப்பல்லாம் ஸ்டெம் செல் போட்டே எலும்ப வளத்துருதாங்களாம்லா. புள்ள இடுப்புல எதுக்குக் கத்திய வைக்கணும்?" என்றார் தங்கச்சி மாப்பிள்ளை. போனில் யாரோ அனுப்பிய வீடியோ. ஸ்டெம் செல் என்றால், வேறு வகைச் செல்லாக மாறி வளரக்கூடிய மூலச் செல்.

முதலில், எலும்பு எங்கே போகிறது என்பதிலேயே பலருக்குக் குழப்பம். அண்ணத்து ஓட்டையை எலும்பு வைத்து அடைப்பதாக நினைக்கிறார்கள். அதைப் பெரும்பாலும் பக்கத்துச் சதையையும் தசையையும் நகர்த்தித்தான் மூடுவார்கள். எலும்பு வைப்பது பல் முளைக்கும் ஈற்று வரம்பில் உள்ள பிளவில்.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரிய தவறு: தள்ளிப்போடுவது. அந்தப் பிளவை ஒட்டித்தான் நிரந்தரக் கோரைப்பல் இறங்கும். வழியில் எலும்பு இல்லையென்றால் அது சரியாக இறங்க முடியாது. அருகில் முளைத்த பற்களுக்கும் பிடிமானம் இருக்காது. அதனால் கோரைப்பல்லின் வேர் பாதியோ அதற்குச் சற்று மேலோ வளர்ந்திருக்கும் சமயம், பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள், எலும்பு வைக்கிறார்கள். 1972-இல் பாய்ன், சாண்ட்ஸ் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை இது. பல் புது எலும்பின் ஊடாக இறங்கினால் அந்த எலும்பும் நிலைக்கும். பல் முளைத்த பிறகு வைத்தால் பலன் குறைவு. வயதை மட்டும் பார்க்காமல் எக்ஸ்ரேயையும் பார்த்து நாள் குறிப்பது அதனால்தான். 'இன்னும் ரெண்டு வருசத்துல புதுசா ஏதாவது வந்துரும்' என்று உட்கார்ந்திருந்தால் பல் நமக்காக நிற்காது.

இடுப்பு எலும்பு பழைய வைத்தியம், ஸ்டெம் செல் புது வைத்தியம் என்று பிரிப்பதும் சரியில்லை. இடுப்பெலும்பின் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் பகுதியைத்தான் சுரண்டி எடுக்கிறார்கள். எலும்பாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதில் குறை, எடுத்த இடத்தில் சில நாள் வலி, நடக்கச் சிரமம். வைத்த எலும்பில் கொஞ்சம் கரைந்தும் போகலாம். ஆய்வாளர்கள் மாற்று தேடுவது இதற்காகத்தான்.

செல்லை ஊசியில் ஏற்றினால் எலும்பு முளைத்துவிடும் என்பது இன்னொரு நினைப்பு. ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கொடி படர அகத்தி வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும். இங்கே செல்தான் கொடி. கொலாஜன் என்ற புரதம், ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற எலும்புத் தாது போன்றவற்றால் செய்த நுண்துளைச் சட்டம் அகத்தி. தண்ணீர், புதிதாக ஊடுருவும் ரத்தக் குழாய்கள். எலி மண்டையோட்டின் சின்ன ஓட்டையில் இது நன்றாக நடக்கிறது. வளரும் பிள்ளையின் வாயில், எச்சிலும் கிருமியும் நிறைந்த இடத்தில், நடத்திக்காட்டுவது வேறு.

பால்பல் விஷயமும் உண்டு. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தவர்கள் நாம். அதன் கூழில் ஸ்டெம் செல் இருப்பதை 2003-இல் கண்டுபிடித்தார்கள். பிரேசிலில் குழந்தைகளின் சொந்தப் பால்பல் செல்லை வைத்தே ஈற்றெலும்பு வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மிகச் சில குழந்தைகளிடம். அதற்காக டப்பாவில் காய்ந்த பல்லைப் பத்திரப்படுத்திப் பயனில்லை. செல் உயிரோடு இருக்க வேண்டும்.

காசு கொடுத்து ஏமாறுவது கடைசித் தவறு. நாங்கள் விசாரித்த ஓரிடத்தில் ரத்தத்தைச் சுழற்றி எடுத்த பிளேட்லெட் திரவத்தையே 'ஸ்டெம் செல்' என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள். பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் தட்டணு, அது ஸ்டெம் செல் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்றதெல்லாம் ஆய்வுதான். ஆய்வென்றால் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் (CTRI) பதிவு எண் இருக்க வேண்டும், பங்கேற்பவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. எண்ணைக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்கள். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் பிளவுக்கு உதவும் என்பதும் இதே ரகம். அதில் இருப்பது பெரும்பாலும் ரத்தம் உண்டாக்கும் செல்கள்.

சரி, நாங்கள் இடுப்பெலும்புக்கே சம்மதித்தோம். அதற்கு முன் சொத்தைப் பற்களைச் சரிசெய்யச் சொன்னார்கள். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். சொத்தையில் கிருமி இருந்தால் வைத்த எலும்பு சீழ் பிடித்து வெளியே வந்துவிடலாம். அப்புறம் சில வாரம் குழைந்த சாப்பாடு மட்டும். அது தைப்பொங்கல் நேரம் வேறு. நாங்கள் பனங்கிழங்கை நாருரித்துக் கடிக்க, அவள் சொதிச் சோற்றைப் பிசைந்துகொண்டு எங்களையே முறைத்துப் பார்த்தபடி இருந்தாள்.