ஊத்துக் கிணறா, மோட்டாரா? ஈவ் ஆன்லைனில் கப்பலைக் காப்பாற்ற முதல் பாடம்

"ஷீல்டு பூஸ்டரும் போட்டேன், பவர் ரிலேயும் போட்டேன். அப்பறமும் கப்பல் போச்சுங்ண்ணா!"

போன வாரம் பெருந்துறையிலிருந்து சித்தப்பா பையன் போனில் புலம்பியது இது. ரெண்டையும் போட்டதால்தான் போச்சு. அவனுக்குச் சொன்னதைப் புதிதாக ஆட வருகிறவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். ஈவ் ஆன்லைன், விண்வெளியில் கப்பல் ஓட்டிச் சண்டை போடும் இணைய விளையாட்டு; 2003-ல் வந்த ஆட்டம். 2016 நவம்பரிலிருந்து காசு கட்டாமலும் ஆடலாம். நம் நேரப்படி தினமும் மாலை 4.30-க்கு சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். டீ குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

படி 1: எந்த அடுக்கு?

கப்பலுக்கு மூன்று தோல்: வெளியே ஷீல்டு, அதற்குள் ஆர்மர் என்கிற கவசம், கடைசியில் ஹல் என்கிற உடம்பு. தானாக ஊறுவது ஷீல்டு மட்டும். சாமான் மாட்டும் இடம்தான் ஸ்லாட்; ஷீல்டுச் சாமான்கள் பெரும்பாலும் நடு ஸ்லாட்டிலும், ஆர்மர் சாமான்கள் கீழ் ஸ்லாட்டிலும் உட்காரும். உங்கள் கப்பலில் எது அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தில் வரும் நாடுகளில் கால்டாரியின் கப்பல் என்றால் ஷீல்டு, அமாரின் கப்பல் என்றால் ஆர்மர். இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம்.

படி 2: பேசிவ் என்றால் என்ன?

காங்கயம் பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்தில் பாறை வெட்டிய கிணறு ஒன்று உண்டு. நிறைந்து நிற்கும்போது ஊத்து இருப்பதே தெரியாது. மோட்டார் ஓடி மட்டம் இறங்கினால்தான் பாறை இடுக்கில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் மேலே கேட்கும். பட்டனை அமுக்காமல், ஷீல்டு தானாக ஊறுவதை நம்புவதுதான் பேசிவ்; ஷீல்டும் இந்தக் கிணறு மாதிரிதான். இறங்க இறங்க வேகமாக ஊறும்; 25%-ல் உச்சம்; அதற்குக் கீழே போனால் ஊத்தும் மங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷீல்டு 10,000, ரீசார்ஜ் நேரம் 500 விநாடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி விநாடிக்கு 20. ஆனால் 75%-ல் ஊறுவது சுமார் 23, பாதியில் 41, 25%-ல் 50. உச்சம் எப்போதும் சராசரியைப் போல இரண்டரை மடங்கு.

எதிரி விநாடிக்கு 45 அடிக்கிறான் என்றால் ஷீல்டு சரசரவென்று இறங்கி 43% பக்கம் வந்து அப்படியே நின்றுவிடும். புது ஆட்கள் பாதிக்குக் கீழே இறங்கியதுமே பதறி ஓடிவிடுகிறார்கள். அதுவே 55 அடித்தால் எங்கும் நிற்காது. என் பழக்கம் இதுதான்: சண்டை தொடங்கும்போதே ஒரு கிரகத்தைப் பார்த்துக் கப்பலைத் திருப்பி வைத்துவிடுவேன். 30%-லும் இறக்கம் நிற்கவில்லை என்றால் வார்ப், அதாவது அந்தக் கிரகத்துக்கு ஒரே தாவல்.

ஷீல்டு எக்ஸ்டெண்டர் கிணற்றை அகலமாக்கும். பவர் ரிலே ஊத்தைக் கூட்டும். சும்மா வருமா? எக்ஸ்டெண்டர் போட்டால் எதிரி குறிக்குக் கப்பல் பெரிதாகத் தெரியும். ஆர்மர் பிளேட் போட்டால் எடை கூடி ஆமை மாதிரி நகரும். ஆர்மர் ஊறாது என்பதால் பிளேட் வெறும் தொட்டித் தண்ணீர்தான், தீர்ந்தால் தீர்ந்தது.

படி 3: ஆக்டிவ் என்றால் என்ன?

இது மோட்டார், நாமே பட்டனை அமுக்கி ஓட்டுவது. ஷீல்டு பூஸ்டர், ஆர்மர் ரிப்பேரர் இரண்டும் கப்பலின் பேட்டரியான கெபாசிட்டரைக் குடித்துத்தான் ஓடும். பூஸ்டர் சுற்று தொடங்கியதுமே ஷீல்டைத் தரும். ரிப்பேரர் சுற்று முடியும்போதுதான் தரும், அதனால் அதைக் கொஞ்சம் முன்னாடியே அமுக்க வேண்டும். ஷீல்டு நிறைந்திருக்கும்போது ஓடவிட்டால் கரண்டுக்குத்தான் தண்டம்.

மோட்டாருக்கு எமன் கரண்டு கட். பிளட் ரெய்டர்ஸ் கொள்ளையர்கள் நியூட்ரலைசர் போட்டுக் கெபாசிட்டரை உறிஞ்சிவிடுவார்கள். என் முதல் ஆக்டிவ் கப்பல் அவர்களிடம்தான் போனது. பூஸ்டர் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன், விளக்கே எரியவில்லை.

படி 4: ஏன் கலக்கக் கூடாது?

தம்பி செய்த தப்பு ரெண்டு. பவர் ரிலே ஷீல்டு ஊத்தைக் கூட்டும்போதே கெபாசிட்டர் ஊறுவதைக் குறைத்துவிடும். அதைக் கீழே வரிசையாகப் போட்டுவிட்டு மேலே பூஸ்டர் வைத்தால் மோட்டாருக்குக் கரண்டு எங்கே? இன்னொன்று, பூஸ்டர் ஷீல்டை உயரத்திலேயே பிடித்து வைக்கும்.

இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அவனே சொன்னான்: "கெணத்த ரொப்பியே வெச்சிருந்தா ஊத்து எங்கீங்ண்ணா வரும்?"

படி 5: ரெசிஸ்டன்ஸ்

விழும் அடியில் ஒரு பங்கைத் தடுப்பதுதான் ரெசிஸ்டன்ஸ். இது இரண்டு வழிக்கும் வேண்டும். அடி நான்கு வகை: ஈஎம் (மின்காந்தம்), தெர்மல் (வெப்பம்), கைனடிக் (மோதல்), எக்ஸ்ப்ளோசிவ் (வெடிப்பு). சாதாரணக் கப்பலின் ஷீல்டு ஈஎம்முக்கு ஓட்டை; ஆர்மர் எக்ஸ்ப்ளோசிவுக்கு. கொள்ளையர்களில் சான்ஷா கூட்டம் ஈஎம் அடிக்கும், குரிஸ்டாஸ் கூட்டம் கைனடிக். மிஷன் விவரத்தில் எதிரி யாரென்று படித்துவிட்டு அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். ஒரே வகைச் சாமானை அடுக்கினால் இரண்டாவது 87% வேலைதான் செய்யும், மூன்றாவது 57%, நான்காவது 28%. நான்காவதை வாங்குகிற காசுக்கு வேறு ஏதாவது வாங்கலாம்.

படி 6: வாங்கும் முன்

ஃபிட்டிங் சன்னலில் சிமுலேட் வசதி உண்டு. காசு போடாமல் மாட்டிப் பார்த்து, கெபாசிட்டர் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பாருங்கள். ஆரம்ப மிஷன்களுக்கு நான் பேசிவ் ஷீல்டைத்தான் சொல்வேன். கவனிக்க ஒரு பட்டன் குறைவு. கூட்டாளிகள் தூரத்திலிருந்தே உங்கள் கப்பலைச் சரிசெய்யும் ரிமோட் ரிப்பேரோடு கூட வந்தால் எக்ஸ்டெண்டரோ பிளேட்டோ அடுக்கிய தடித்த கப்பல். மனிதர்களோடு தனியாகச் சின்னச் சண்டை போடுவதற்கு ஆக்டிவ். ஆனால் கை பழகியபின்.

தம்பி பூஸ்டரைக் கழற்றிவிட்டு மறுபடி போனான். ராத்திரி மெசேஜ் வந்தது: "41-லயே நின்னுச்சுங்ண்ணா. ஆனா பயத்துல ஓடியாந்துட்டேன்."