குரெனாய்: பெயரிலும் சாயத்திலும் நேரும் பிழைகள்

ஜப்பானின் மரபு நிறங்களுள் ஒன்றான குரெனாய் என்னும் செந்நிறத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பெயரிலேயே தடுமாறுகின்றனர். 'குரெ நோ ஆய்' என்ற தொடர் மருவிக் குரெனாய் ஆயிற்று என்பர். 'குரெ' என்பது சீனாவின் வூ நாட்டுக்கு ஜப்பானியர் வழங்கிய பழம்பெயர். 'ஆய்' இன்று அவுரியையும் அதன் நீலத்தையும் குறிக்கும். இதைக் கண்டு, குரெனாய் முன்பு நீலமாக இருந்தது என்று முடிவுகட்டுவது தவறு. பழங்காலத்தில் 'ஆய்' பொதுவாகச் சாயத்தையும் குறித்ததால், 'வூ நாட்டுச் சாயம்' என்பதே பெயரின் பொருள். 'குரெ' காலப்போக்கில் சீனா முழுவதையும் சுட்டியதால், பெயரை மட்டும் சான்றாகக் கொண்டு இச்சாயம் வூ அரசிலிருந்துதான் வந்தது என்று துணிவதும் பொருந்தாது.

சாயம் தரும் செடி குசும்பா; அதைக் குங்குமப்பூவோடு குழப்பலாகாது. குசும்பா இதழ்களைக் கொதிக்கவைத்தால் செந்நிறம் கிடைத்துவிடும் என்பதும் தவறான எண்ணமே. இதழில் மஞ்சளே மிகுதி; சிவப்பு மிகக் குறைவு, வெப்பத்தில் கெடவும் கூடியது. மஞ்சளைத் தண்ணீரில் அலசி நீக்கிய பிறகு, வைக்கோல் சாம்பலின் காரநீரில் சிவப்பைக் கரைத்தெடுத்து, புகையூட்டிய உமே என்னும் ஜப்பானியப் புளிப்புக் காயின் நீரைச் சேர்த்தால்தான் அது துணியில் படியும். எடோ காலத்தில் (1603–1868) வடக்கு ஜப்பானில் உள்ள யமகதாவின் மொகாமி ஆற்றுப் பகுதி இதற்குப் பெயர்பெற்றிருந்தது. அங்கு இதழ்களை நொதிக்கவைத்து, இடித்துத் தட்டிக் காயவைத்த வில்லைகள் சகாதா துறைமுகம் வழியாகக் கியோத்தோவுக்குச் சென்றன. இத்தனை உழைப்பை அறியாமல் இந்நிறத்தின் மதிப்பை உணர முடியாது என்பதே என் கருத்து.

ஜப்பானின் பழம் சமயமான ஷிந்தோவின் ஆலய வாயில்களின் சிவப்பையும் குரெனாய் என்று எழுதுகிறார்கள். ஆனால் அது ஆரஞ்சு சாயல் கொண்ட 'ஷு' என்னும் வேறு நிறம். மரபாக அது பாதரசக் கனிமத்திலிருந்து வந்தது.

குரெனாய்க்கு ஒரே ஒரு கணினி நிறக்குறியீட்டைத் தந்து நிறுத்திக்கொள்வதும் தவிர்க்க வேண்டியதே. எத்தனை முறை தோய்த்தார்கள் என்பதைப் பொறுத்து நிறத்தின் அடர்த்தி மாறியது. ஹெயான் காலத்தில் (794–1185) அந்த வேறுபாடே தகுதியையும் காட்டியது. அடர்ந்த செந்நிறத்தைக் குறிப்பிட்ட உயர்நிலையினர் மட்டுமே அணியலாம் என்ற கட்டுப்பாடு இருந்தபோது, ஏறத்தாழ 600 கிராம் பூவைக்கொண்டு இரண்டு கிமோனோக்களுக்கான பட்டுத்துணியைத் தோய்த்துப் பெற்ற 'இக்கொன்சொமே' என்னும் வெளிர் சிவப்பு மற்றவர்க்கும் அனுமதிக்கப்பட்டது.