பிள்ளைகளைப் பயந்து ஆடவைக்கும் தவறுகள்: புதுப் பூப்பந்து (பேட்மிண்டன்) கோச்சுகளுக்கு

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரில் எங்கள் பேட்டை விளையாட்டு மண்டபத்தில் இப்போது புதுக் கோச்சுகள் நிறைய. பாலிடெக்னிக் முடித்த கையோடு பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுக்க வருபவர்கள் பாதி. மகனைக் கொண்டுவந்து விட்டு, அப்படியே மற்ற பிள்ளைகளுக்கும் ஷட்டில் போட ஆரம்பித்துவிட்ட அப்பாக்கள் மீதி. நல்ல மனிதர்கள்தான். ஆனால் எங்கள் தலைமுறைக் கோச்சுகள் அடித்த அதே கூத்தை ஒன்றுவிடாமல் அடிக்கிறார்கள். ஓட்டப்பயிற்சிக் காலணியோடு கோர்ட்டில் இறக்குவது, உடம்பு சூடாகும் முன்பே ஸ்மாஷ் என்று ஓங்கி அடிக்கவிடுவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. கணுக்கால் பிசகினால் தானாகப் புரிந்துவிடும். பிள்ளையின் துணிச்சலை நாமே கிள்ளிப்போடுவது மட்டும் உடனே கண்ணுக்குத் தெரியாது.

பத்து வயதில் ஜெயிப்பதற்காகத் தூக்கிப் போடச் சொல்வது

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். ஒரு கடைக்கோட்டிலிருந்து எதிர்க் கடைக்கோடு வரை ஷட்டிலை அனுப்பும் தெம்பு பத்து வயதில் பலருக்கு இருக்காது. புறங்கையால் அடிக்கும் பேக்ஹேண்டில் சுத்தமாக இருக்காது. அதனால் எதிராளியின் பேக்ஹேண்ட் மூலைக்கு உயரத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் போதும். அவன் திருப்புவது பாதிக் கோர்ட்டில் விழும், இல்லையென்றால் வலையில் மாட்டும். நம் பிள்ளை ஒன்றுமே செய்யாமல் புள்ளி வந்துவிடும். கோப்பையும் வரும். கோச்சுக்குப் பெயர், குடும்பத்துக்கு ஒரு படம்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் அதே எதிராளி ஒரு சாண் வளர்ந்து வந்து நிற்பான். அந்த உயரப் பந்துக்கு அடியில் போய், குதித்து, நம் பிள்ளையின் காலடியில் இறக்குவான். அப்போது கையில் வேறு ஆயுதம் இருக்காது.

வேறோர் இடத்தில் கற்றுக்கொண்டு உயர்நிலை ஒன்றில் என்னிடம் வந்த பையன் ஒருவன், தொடக்கப்பள்ளியில் தோற்றதே அரிது. அவன் அப்பா கோர்ட்டுக்குப் பின்னால் நின்று, “தூக்கிப் போடுடா, அவனே விட்டுடுவான்” என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வயதில் எதிராளிகள் விடத்தான் செய்தார்கள். என்னிடம் வந்தபின், வலையை ஒட்டி மெல்ல இறக்கும் நெட் ஷாட்டை வேகமாகவே பிடித்துக்கொண்டான். பயிற்சியில் பத்துக்கு எட்டு வலையை உரசிக்கொண்டு இறங்கும். போட்டியில் ஒன்றுகூட இறங்காது. அந்த ஷாட்டுக்கு விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். பிடி இறுகினால் ஷட்டில் எழும்பி எதிராளிக்கு விருந்தாகிவிடும். அவனுக்குப் பிடி இறுகாத போட்டியே கிடையாது. ஒன்றை விட்டதும் திரும்பி அப்பாவைப் பார்ப்பான், அடுத்ததைத் தூக்கிப் போட்டுவிடுவான். உயர்நிலை மூன்றில் வருவதைக் குறைத்தான், அப்புறம் நின்றேவிட்டான். எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. வேறு சிலர்மேல் இருக்கிறது.

அதே வயதில் ஒரு சிறுமி. வலையோரம் எதையாவது முயன்று முயன்று முதல் சுற்றிலேயே வெளியேறுவாள். “கோச், இவளுக்கு ஜெயிக்கணும்னு ஆசையே இல்லையா?” என்று அவள் அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். இப்போது பள்ளி அணியில் இரண்டாவது ஒற்றையர் ஆடுகிறாள். பெரிய வீராங்கனை ஒன்றும் ஆகிவிடவில்லை, இன்னமும் வலையில் புள்ளிகளை இறைக்கிறாள். ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் எதிரில் நிற்பவள் தவிக்கிறாள்.

புள்ளி முறையும் இந்தப் பயத்துக்குத் தீனி போடுகிறது. 2006க்கு முன்பெல்லாம் சர்வ் உங்களிடம் இருக்கும்போது ஒன்றை முயன்று தவறினால் சர்வ்தான் போகும், புள்ளி போகாது. இப்போது சர்வ் யாருடையதாக இருந்தாலும் நம் தவறு எதிராளிக்குப் புள்ளி. போட்டி விதியை நாம் மாற்ற முடியாது, பயிற்சி விதியை மாற்றலாம். வலையோரம் ஜெயித்தால் மூன்று புள்ளி. அங்கே முயன்று தவறினால் யாருக்கும் புள்ளி இல்லை, ரேலியை, அதாவது அந்தப் புள்ளிக்கான ஆட்டத்தை, மறுபடி ஆடவேண்டும். சில வாரம் இப்படி ஆடவிட்டு விரல்களைக் கவனியுங்கள்.

எல்லாத் தவறையும் ஒரே பத்தியில் எழுதுவது

நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து ‘தவறு 14’ என்று கோடு போடும் பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். அந்த 14இல் எது எப்படிப்பட்டது? எதிராளி பின்னால் மாட்டிக்கொண்டபோது வலைக்கு முன்னால் மெல்ல இறக்கும் டிராப் முயன்று வலையில் மாட்டியது சரியான முடிவு, கைதான் இன்னும் வரவில்லை. தட்டிக்கொடுங்கள். நிலை தடுமாறிப் பின்னால் சாய்ந்தபடி அடித்த ஸ்மாஷ் கோட்டில் விழுந்து புள்ளியாகிவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். கண்டிக்க வேண்டியது அதைத்தான்! சர்வை வலையில் அடிப்பது இரண்டிலும் சேராது, அதற்குச் சாக்கே கிடையாது.

“கவனமா ஆடு” என்பது

பிள்ளையின் காதில் இது “எதையும் முயலாதே” என்றுதான் விழும். 11 புள்ளியில் வரும் இடைவேளை 60 வினாடிதான். தண்ணீர் குடித்து, முகம் துடைத்த பிறகு ஒரு வாக்கியத்துக்குத்தான் நேரம் இருக்கும். “அடுத்த அஞ்சு புள்ளியில ரெண்டு தடவை நெட்டுக்குப் போ” என்று செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள். ரேலி நடக்கும்போது கத்துவது விதிப்படியே கூடாது.

ஸ்மாஷ்தான் துணிச்சல் என்று நினைப்பது

2021 டிசம்பரில் ஸ்பெயினின் உவெல்வா நகரில் லோ கியன் இயூ உலக வெற்றியாளர் ஆனார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் சிங்கப்பூரர் அவர். அதன்பின் என் வகுப்பில் எல்லோரும் குதித்துக் குதித்து அடிக்க ஆரம்பித்தார்கள். நான் அவர்களுக்குப் போட்டுக்காட்டுவது முதல் சுற்றை. எதிரில் ஒலிம்பிக் வெற்றியாளர் விக்டர் ஆக்செல்சன். முதல் ஆட்டம் 14-21. அதற்குப்பின் 21-9, 21-6. முதல் ஆட்டத்தை இழந்த பயத்தில் பதுங்கியவர் எடுக்கும் புள்ளிகளா இவை? எந்தப் பந்தில் பாய்ந்தார், எதை விட்டுவைத்தார் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்கிறேன். பட்டியலில் ஸ்மாஷைவிட மற்றவைதான் அதிகம் வரும்.

நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்காக ஆட்டத்தைப் பூட்டிவைப்பது

விளையாட்டுத் திறனைப் பார்த்து உயர்நிலைப்பள்ளியில் இடம் தரும் இந்த முறைக்கு விண்ணப்பம் தொடக்கநிலை ஆறில். சான்றிதழ் சேர்க்கும் அவசரத்தில் நான்கிலேயே புது ஷாட் கற்பதை நிறுத்திவிடுகிறார்கள். எதையும் விட்டுவிடுவோமோ என்று முந்திக்கொள்ளும் கியாசுத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? தேர்வு நாளில் பள்ளிக் கோச் கோர்ட்டில் இறக்கி, நான்கு மூலைக்கும் ஷட்டில் போட்டு, கால் எப்படி நகர்கிறது, கை எதற்குத் துணிகிறது என்று பார்ப்பார். கோப்பை அலமாரியை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது.

வீடு திரும்பும் எம்ஆர்டி ரயிலில் பேசிப் பேசி ஆட்டத்தைத் திரும்ப ஆடுவது

வேண்டாம். பசிக்கிறதா என்று கேளுங்கள்.

எப்போதும் சமமானவர்களோடு மட்டும் ஆடவிடுவது

பெரிய பிள்ளைகளிடம் தோற்றால் மனசு விட்டுப்போகும் என்று பயப்படுகிறார்கள். சின்னவளுக்கு 11-0 கொடுத்து ஆரம்பியுங்கள். முன்னிலையில் இருக்கும் பிள்ளைதான் புதியதை முயன்று பார்க்கும். பெரியவனும் தூக்கிப் போட்டுக் காத்திருந்தால் ஆகாது, தானே புள்ளியைத் தேடிப் போக வேண்டியிருக்கும். இருவரும் பழகிவிட்டால் 11ஐ 8 ஆக்குங்கள்.