பிளாடர் சில்வண்டு: அந்தியில் கத்துவதை அடையாளம் காண

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலோ நியூ சவுத் வேல்ஸின் வடகரையிலோ இருப்பவர்கள் இந்தச் சில்வண்டைத் தேடிக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்துப் புதரிலேயே இருக்கும். செப்டம்பர் பிற்பகுதியில் பருவம் தொடங்கும். சூரியன் மறைவதற்குள் இடம்பிடித்து நின்றுவிடுங்கள். இருட்டும் நேரத்தில் அரைமணி போலத்தான் கத்தும். சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக டார்ச்சோடு கிளம்பினால் மிஞ்சுவது தவளையும் சுவர்க்கோழியும்தான்.

முதலில் காது, அப்புறம்தான் கண். பகல் சில்வண்டுகளின் கீச்சொலி பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. இதன் குரலோ 800 ஹெர்ட்ஸை ஒட்டிய கரகரப்பு. தவளை என்றே பலர் விட்டுவிடுவார்கள். ஆணின் வயிறு காற்றடைத்த பை போல உப்பிய வெற்றறை. அது ஒலிப்பெட்டியாக அதிர்வதால்தான் 5 சென்டிமீட்டர் பூச்சிக்கு இத்தனை கட்டைக்குரல்.

சந்தேகம் வந்தால் போனில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்ணைப் படமாகக் காட்டும்) செயலியைத் திறந்து, அளவை 0 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை வையுங்கள். அடியில், 800 ஹெர்ட்ஸை ஒட்டி, தடித்த பட்டை தெரியவேண்டும். பிள்ளைப்பூச்சியும் அந்தியில்தான் இரையும். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து, பட்டையும் இன்னும் மேலே விழும். பதிவு செய்யும்போது இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். சீராக நீளும் இந்தக் குரலையே அது இரைச்சலென்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும்.

கட்டைக்குரலின் திசை சட்டென்று பிடிபடாது. இருவர் பத்தடி தள்ளி நின்று, சத்தம் வரும் பக்கம் தனித்தனியே கை நீட்டுங்கள். இரண்டு கோடுகளும் சந்திக்கும் புதரில் தேடலாம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். குரல் நின்றால் நீங்களும் நிற்கவேண்டும். மறுபடி தொடங்கியபின் அடுத்த அடி.

பூச்சியைத் தேடாமல், நரம்போடிய பச்சை இலையைத் தேடுங்கள். முன்னிறக்கை மற்ற சில்வண்டுகளுக்குப் போலக் கண்ணாடியாக இராது, ஒளிபுகாத இலைப்பச்சை. கையில் எடுத்தால் வயிற்றை அழுத்தாதீர்கள், மெல்லிய சுவர். பெண் கத்தாது, வயிறும் அவ்வளவு உப்பாது.

இதே பேரினத்தில் இன்னொரு சிறிய பச்சைச் சில்வண்டும் குயின்ஸ்லாந்தில் உண்டு. படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதனால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, முதுகும் பக்கவாட்டும் தெரிய இரண்டு படம் எடுத்துவிடுங்கள்.