பெயருக்குப் பொருள் தேடும்போது சறுக்கும் இடங்கள்

குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் பெயர்ப் பட்டியல் வந்து விழுந்துவிடும். நூறு பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரிப் பொருள். அந்தப் பொருள்களோ ஒளி, அமைதி, அன்பு, வெற்றி, விஷ்ணுவின் அம்சம் என்று ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். எந்த மொழிச் சொல் என்பது மட்டும் இருக்காது. பட்டியலை ஓரம் தள்ள இந்த ஒரு குறையே போதும். மொழி தெரியாமல் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது. சொன்னால் அது ஊகம்.

பொருள் தலைகீழாவது எப்படி

'ஆரவ்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பட்டியல்கள் 'அமைதியானவன்' என்கின்றன. சமஸ்கிருத அகராதியில் 'ஆரவ' என்றால் ஒலி, இரைச்சல், கூக்குரல். நமக்குத் தெரிந்த 'ஆரவாரம்' காதில் விழுந்திருந்தாலே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஒலி என்று பெயர் வைப்பதில் தப்பே இல்லை, பொருத்தம் என்றுகூடச் சொல்லலாம். அமைதி என்று நம்பி வைப்பதுதான் வேடிக்கை.

'அனயா' இதைவிடச் சிக்கலானது. 'நய' என்பது நெறி, நல்ல நடத்தை. முன்னால் 'அ' சேர்ந்து 'அனய' ஆனால் முறைகேடு, தீய போக்கு, கெட்ட காலம். பட்டியலிலோ 'அக்கறை மிக்கவள்' என்று இருக்கும். இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? அரபியில் 'இனாயா' என்றால் கவனிப்பு, அக்கறை. யாரோ அரபிச் சொல்லின் பொருளைச் சமஸ்கிருதச் சொல்லின் ஒலியோடு ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதையே நகல் எடுத்தார்கள். பத்து இடத்தில் ஒரே பொருள் இருப்பதால் அது உறுதியாகிவிடாது. பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவையாக இருக்கும்.

'கியாரா' சமஸ்கிருதம் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். இதற்கு இரண்டு வேர்கள் காட்ட முடியும். இத்தாலியப் பெயரான கியாரா, 'தெளிந்த, ஒளிர்கிற' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அயர்லாந்துப் பெயர் ஒன்று உண்டு, அங்கே அதைக் 'கீரா' என்று ஒலிப்பார்கள், ஆங்கில எழுத்தில் பார்த்தால் நாம் கியாரா என்று படிப்போம். அதன் வேருக்குக் கருமை, கருங்கூந்தல் என்று பொருள். ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு. எழுத்துக்கூட்டு எந்த ஊருடையதோ அந்த ஊரின் பொருள்தான் உங்கள் குழந்தைக்கு.

சில பெயர்களுக்குப் பழைய வேரே கிடையாது. 'மைரா' ஆங்கிலக் கவிஞர் ஃபுல்க் கிரெவில் தன் காதல் கவிதைகளுக்காக உருவாக்கிய பெயர். 'வனெசா' ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு தோழியின் பெயரை வெட்டி ஒட்டிச் செய்தது. 'ரேயான்ஷ்' நம் காலத்து ஆக்கம்: பின்பாதியான 'அம்ச' உண்மையான சமஸ்கிருதம், முன்பாதிக்குச் சொல்லப்படும் 'ஒளிக்கதிர்' ஆங்கிலத்து 'ரே'. புதுப் பெயர் புனைவது குற்றமல்ல. யாழினி, மகிழினி எல்லாம் அப்படிப் புனைந்தவைதான், அழகாகவும் இருக்கின்றன. புதிதாகத் தைத்த சட்டைக்கு வேதகால முத்திரை குத்துவதுதான் பிழை.

ஒலி ஒன்றானால் உறவு ஆகிவிடாது

கவின், கெவின் இரண்டையும் பங்காளிகளாக்கும் ஆர்வம் நம்மிடம் நிறைய உண்டு. கவின் என்றால் அழகு. குறுந்தொகையில் தலைவி தன் 'மாமைக் கவின்' வீணாவதைச் சொல்லிப் புலம்புகிறாள். கெவின் அயர்லாந்தின் 'கீவீன்'. அழகு, அன்பு என்னும் பொருள்தரும் ஒரு சொல்லும் பிறப்பு என்னும் சொல்லும் சேர்ந்தது. பொருள்கூடக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, ஆனாலும் தற்செயல்தான். லீலாவும் லைலாவும் அப்படியே: முன்னது சமஸ்கிருதத்தில் விளையாட்டு, பின்னது அரபியில் இரவு. 'நாடியா' ரஷ்யாவில் 'நம்பிக்கை' என்று பொருள்படும் நதேஷ்தாவின் செல்லச் சுருக்கம். அரபியிலும் அதே ஒலியில் ஒரு பெயர் உண்டு, அதன் வேர் வேறு.

ஜப்பானியப் பெயர்களில் ஒலியை வைத்துப் பொருள் சொல்வது இன்னும் ஆபத்து. 'யூகி' என்றால் பனி என்று பட்டியல் முடித்துவிடும். பனிக்கான எழுத்தில் எழுதினால் பனி, துணிவுக்கான எழுத்துகளில் எழுதினால் துணிவு. பெற்றோர் எந்த எழுத்தைப் பதிவு செய்தார்கள் என்று தெரியாமல் அங்கே யாரும் பொருள் சொல்வதில்லை.

தமிழ் எழுத்து மறைக்கும் வேறுபாடு

வீட்டில் அதிகம் தவறுவது இங்கேதான். நம் 'த' நான்கு வடமொழி ஒலிகளைச் சுமக்கிறது. 'க', 'ப' அப்படியே. நெடில் ஒன்று மாறினாலும் பொருள் மாறிவிடும். 'தன்யா' பேறு பெற்றவள். 'தான்யா' என்று நீட்டினால் தானியம், அதாவது நெல்லும் கம்பும். ரஷ்ய 'டான்யா' தத்தியானாவின் சுருக்கம், அதன் மூலம் தாத்தியஸ் என்ற ரோமானியக் குலப்பெயர். மூன்றும் நம் தெருவில் ஒரே பெயராக உலவுகின்றன.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. அசுவினிக்குப் பஞ்சாங்கத்தில் சு, சே, சோ, லா என்று இருக்கும். அசுவினி முதல் பாதக் குழந்தைக்கு 'சுரேஷ்' என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்தச் 'சு', 'அச்சு' என்பதில் வரும் வல்லோசை. சுரேஷில் வருவது 'ஸு', அது சதயத்தின் எழுத்து. தமிழ்ப் பஞ்சாங்கம் இரண்டையும் ஒரே எழுத்தில் அச்சிடும்போது வேறுபாடு காணாமல் போகிறது. அதில் நம்பிக்கை உள்ளவர் என்றால் ஜோசியரிடம் எழுத்தை எழுதி வாங்காதீர்கள், வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். திருவாதிரைக்கு 'ங' வேறு வருகிறது. அந்த எழுத்தில் யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. அடுத்த எழுத்துக்கு நகர்ந்துகொள்வார்கள்.

பாதியை வெட்டி எடுப்பது

அரபியில் 'அப்த்' என்றால் அடியான். 'அப்துல்' என்பது 'இன்னாரின் அடியான்' என்பதன் பாதி. அப்துல் காதர் என்றால் ஆற்றல் உடையவனின் அடியான். அப்துல் என்று மட்டும் கூப்பிட்டால் சொற்றொடர் பாதியில் அறுந்து நிற்கிறது. நூருல், சைஃபுல் எல்லாம் இதே கணக்கு. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் பெயரில் 'கலாம்' குடும்பப் பெயர் என்று வெளிநாட்டு இதழ்கள் நினைத்தது உண்டு. அவருடைய முன்னோர் பெயர்கள் முன்னெழுத்துகளில் இருந்தன. அதில் தந்தை பெயர் ஜைனுலாப்தீன், வணங்குவோரின் அணிகலன்.

நம் ஊரில் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. இங்கர்சால், மார்க்ஸ் இரண்டும் அவரவர் ஊரில் குடும்பப் பெயர்கள், சென்னையில் அவை பிள்ளைகளின் சொந்தப் பெயர்கள். ஸ்டாலின் குடும்பப் பெயர்கூட இல்லை. 'எஃகு' என்னும் ரஷ்யச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்ட புனைபெயர். முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் தலைவர் இறந்தது மார்ச் 5. இந்தப் பெயர்களை அகராதியில் தேடிப் பயனில்லை. அவை ஓர் அரசியலின் நினைவாக வைக்கப்பட்டவை.

சில பெயர்கள் காலண்டரோடு பிணைந்தவை. கானா நாட்டு அக்கான் மக்களிடம் 'கோஃபி' வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் குழந்தை. ஐ.நா. பொதுச் செயலராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்தவர். செவ்வாயன்று பிறந்த பையனுக்குக் கோஃபி என்று வைத்தால் அங்கே சிரிப்பார்கள். பாலித் தீவில் வாயான் தலைப்பிள்ளை, மாடே இரண்டாவது, ந்யோமான் மூன்றாவது, கெத்துத் நான்காவது. பெண்ணுக்கும் ஆணுக்கும் பொது. பட்டியலில் பார்த்து இரண்டாம் குழந்தைக்குக் கெத்துத் என்று வைத்தால் கணக்கு உதைக்கும்.

சொல்லை அப்படியே பெயர்ப்பது

பிச்சை, குப்பம்மாள் போன்ற பெயர்களைப் பார்த்து நம் பாட்டன்மாருக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. முன் பிறந்த குழந்தைகள் தக்காமல் போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது நிற்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து, காலன் கண்ணில் படாதபடி வைத்த பெயர்கள் அவை. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் 'மாலோமோ' என்று ஒரு பெயர் இருக்கிறது: 'இனிமேல் போய்விடாதே'. அங்கும் இதே துயரம்தான். சொல்லின் பொருள் ஒன்று, பெயரின் நோக்கம் வேறு. கிளாடியாவின் லத்தீன் வேர் 'நொண்டி', சிசிலியாவின் வேர் 'குருடு'. ஐரோப்பாவில் யாரும் அதை நினைத்து அந்தப் பெயர்களை வைப்பதில்லை.

பெயரை நன்றாகப் பெயர்த்தவர்களும் இங்கே இருந்தார்கள். யோவான் என்பதன் எபிரேயப் பொருள் இறைவன் அருளினான் என்பது. தமிழ்க் கத்தோலிக்கர் அதை அருளப்பர் ஆக்கினார்கள். பால் என்பது லத்தீனில் 'சிறியவர்', ஆகவே சின்னப்பர். சவரிமுத்துவின் 'சவரி' பிரான்சிஸ் சவேரியாரிடமிருந்து வந்தது. அது ஸ்பெயினில் அவர் பிறந்த கோட்டையின் பெயர், பாஸ்க் மொழியில் 'புது வீடு'. சாந்தோம் என்று பேருந்தில் டிக்கெட் கேட்கிறோமே, அது போர்த்துக்கீசியரின் புனித தோமா. தோமா என்றால் அராமாயிக் மொழியில் இரட்டைப் பிள்ளை.

பதிவில் வரும் தொல்லை

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. ஆகவே அவசரப்பட்டு எதையாவது எழுதிக் கொடுப்பதில் பொருளில்லை. ஏறிய பெயரைப் பிடிக்கவில்லை என்று மாற்றுவது எழுத்துப்பிழைத் திருத்தம் ஆகாது. அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாக அரசிதழில் வெளியிடும் வழிக்குப் போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான்.

எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்து கூட்டுபவர்கள் சான்றிதழ் எழுதும் முன்பே கூட்டிவிடுங்கள். ஆதாரில் ஓர் 'ஏ', பள்ளிச் சான்றிதழில் இரண்டு 'ஏ' என்று ஆனால் ஒவ்வோர் அலுவலகத்திலும் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். எழுத்துக்கு எண் கொடுக்கும் இந்தக் கணக்கைக் 'கல்தேயர் முறை' என்கிறார்கள். கல்தேயரின் பாபிலோனில் களிமண் பலகையில் ஆப்பு வடிவ எழுத்தைப் பதித்தார்கள், ஆங்கில எழுத்துகளுக்கு எண் போட அவர்களுக்கு வாய்ப்பில்லை.

குடும்பப் பெயர் என்ற கட்டம்தான் நமக்கு நிரந்தர இடைஞ்சல். கடவுச்சீட்டில் அதைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப் என் யூ', அதாவது 'முதற்பெயர் தெரியாது', என்று அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்றது. தந்தை பெயர் உள்பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. பிறப்புச் சான்றிதழிலேயே தந்தை அல்லது தாய் பெயரை முன்னெழுத்தாகச் சுருக்காமல் விரித்து எழுதினால் இந்த அலைச்சல் பாதி குறையும். ஐஸ்லாந்தில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரோடு 'மகன்', 'மகள்' சேர்த்துக்கொள்வார்கள். தொலைபேசிப் புத்தகமே சொந்தப் பெயர் வரிசையில்தான் இருந்தது. நம் வழக்கத்துக்கு உலகில் துணை உண்டு, படிவங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

சரிபார்க்கும் முறை

முதலில் எந்த மொழி என்று கேளுங்கள். தமிழ் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சமஸ்கிருதம் என்றால் மோனியர் வில்லியம்சின் 1899 பதிப்பு. இரண்டும் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன, எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் பார்க்கலாம். தேடும்போது 'ஆ', 'அ' இரண்டு வடிவத்திலும் தேடுங்கள். பெயராக இல்லாமல் சொல்லாகத் தேடுங்கள். அகராதியில் வேர்ச்சொல்லே இல்லை என்றால் புனைந்த பெயர் என்று எடுத்துக்கொண்டு, பிடித்திருந்தால் வையுங்கள். அரபிப் பெயருக்கு அரபி படித்த ஒருவரிடம் எழுதிக் காட்டுங்கள். தமிழ் எழுத்தில் அரபியின் மெய்கள் பல ஒன்றாகிவிடுகின்றன.

கடைசியாக, பெயரைத் தமிழ் முன்னெழுத்தோடு சேர்த்து உரக்கப் படித்துப் பாருங்கள். அப்பா சாமிநாதன், பையன் குமரன் என்றால் வருகைப் பதிவேட்டில் 'சா. குமரன்'. அப்பா மூர்த்தி, பெண் தேவி என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.