கட்டுப் பிரித்தும் மடங்காத விரல்கள்: என் அனுபவம்

மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது, மாவுக்கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடவில்லை. சோறு பிசைய முடியும், அள்ள வராது.

எல்லோரும் சொல்லும் ஸ்பாஞ்சுப் பந்தை நாள் முழுக்க அழுத்தினேன். பிடி கொஞ்சம் வலுத்தது, அவ்வளவுதான். பந்தே குறுக்கே இருக்கும்போது விரல் எப்படி முழுசாக மடங்கும்? அப்புறம் சூடாக எண்ணெய் தேய்த்து அழுத்திவிட்டதில் வீக்கம்தான் கூடியது.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒன்றைக் கவனித்தார். விரலின் அடி மூட்டு மடங்கியிருந்தால் நடு மூட்டு நன்றாக மடங்குகிறது. அடி மூட்டை நிமிர்த்திப் பிடித்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அப்படியென்றால் இறுகியிருப்பது மூட்டு இல்லை, உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள்.

அதற்கான பயிற்சி சின்னதுதான். அடி மூட்டுகளை நேராக வைத்து, மேல் இரண்டு மூட்டுகளை மட்டும் கொக்கி போல மடக்கி, சில விநாடி அப்படியே வைத்திருந்து தளர்த்த வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துவிட்டுச் செய்தால் எளிதாக வரும். தூங்கும்போது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்ததில் காலை வீக்கமும் வடிந்தது.

சுண்டுவிரல்தான் கடைசியாக வழிக்கு வந்தது. பெரிய நிம்மதி. ரசம் சாதமே அள்ள வருகிறது. சட்டைப் பொத்தானுக்கு மட்டும் இன்னும் நேரமாகிறது.